உலகம்மாள் ஓரத்தில் எழுதியது

உக்காருங்கக்கா, ஏன் நின்னுக்கிட்டே இருக்கிய? பெஞ்சு ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும். பையைக் கீழ வச்சிருதேன். யாரைப் பாக்கணும்? பையனுக்கு டி.சி.யா? அதுக்குத் துறைத்தலைவர் கையெழுத்து வேணும்னு இங்க அனுப்பிவிட்டாவளா? அப்ப உங்களுக்கும் ஜெபராணி மேடம்தான். கிளாஸ் எடுக்கப் போயிருக்காவ, மணி அடிச்சாத்தான் வருவாவ. நானும் அவுகளைப் பாக்கத்தான் காலைல பத்து மணிக்கே வந்தேன். ரெண்டு தடவை இந்தப் பக்கமாப் போனாவ, வந்தாவ. நான் எந்திரிக்கலை. ஏன்னு கேக்காதிய, நானே சொல்லுதேன்.

நமக்குப் பேட்டை. பேரு சண்முகவடிவு. அங்கன ஒரு ஸ்கூல்ல சத்துணவு ஆயாவா இருக்கேன். லீவே போடமாட்டேன். இன்னைக்குப் போட்டுட்டு வந்திருக்கேன்னா பாத்துக்கோங்க.

சின்னவ சுபலெட்சுமி இங்க பி.ஏ. தமிழ் கடைசி வருஷம். நல்லாப் படிக்கக்கூடிய பிள்ளைதான், அதுல குத்தம் சொல்லமாட்டேன். நான் குத்தம் சொல்ல வந்தது இந்தப் பாடத்தை. அல்புனைவுன்னு ஒரு பேப்பரு வச்சிருக்காவ. உங்க காலத்துல, எங்க காலத்துல உண்டா இது? நானும் பத்தாப்பு வரைக்கும் படிச்சவதான். கதைன்னா கதை, கட்டுரைன்னா கட்டுரை. பசு பற்றிக் கட்டுரை எழுதுகன்னா, முன்னுரை முடிவுரை போட்டு, நாலு கால் உண்டுன்னு எழுதி மார்க்கை வாங்கிட்டு வந்தோம். இது அப்படி இல்லையாம். நடந்ததைத்தான் எழுதணும், ஒரு சொல்லு கூட்டப்படாது, ஆனா வாசிக்கதுக்குக் கதை கணக்கா இருக்கணுமாம். அதுக்கு இலக்கியம்னு பேரு.

முதல்ல ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்து, கண்ணுல பட்டதை மட்டும் எழுதிட்டு வரச் சொன்னாவளாம். வயசுப் பிள்ளைய போயி பஸ் ஸ்டாண்டுல நோட்டை விரிச்சு உக்காந்திருக்கு. பொறவு இவ வீட்டுலயே ஆரம்பிச்சுட்டா. நான் குழம்பு கூட்டுனா பக்கத்துல வந்து நிப்பா. "அம்மா, புளியைக் கரைக்கும்போது ஏன் பெருமூச்சு விட்ட?"ம்பா. ஏளா, புளி கரைக்கதைக் கூடவா எழுதுவன்னு கேட்டா, நான் கேட்டதையும் சேத்து எழுதிக்கிடுதா. போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "அந்த வருஷம் நீ எப்படி இருந்த, சொல்லு"ம்பா. எப்படி இருந்தேன், ரெண்டு கை ரெண்டு காலோட இருந்தேன்னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சுக்கிட்டே எழுதுனா.

சட்டதிட்டம் வேற. ஒரு ஆளு சொன்னாப் போதாதாம், இன்னொரு ஆள்ட்டயும் கேட்டு ஒத்துப்போகுதான்னு பாக்கணுமாம். தேதி இருந்தாத் தேதி, சீட்டு இருந்தாச் சீட்டு. போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு நோண்டமாட்டாவ. எல்லாம் எழுதி முடிச்ச பொறவு, யாரைப் பத்தி எழுதுனமோ அவுக முன்னால உக்காந்து முழுசா வாசிச்சுக் காட்டணும். தப்பு இருந்தா அவுக ஓரத்துல திருத்தலாம். திருத்தி முடிச்சு, கடைசித் தாள்ல, வாசிக்கக் கேட்டேன், உண்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்குப் பேரு ஒப்புதல் தாள். அதுல கையெழுத்து இல்லைன்னா அந்தக் கட்டுரைக்கு மார்க்கே கிடையாது, பேப்பர் பெயிலு. நாளைக்குத்தான் கடைசித் தேதி.

இவ கூடப் படிக்கிற பையன் ஒருத்தன், அவன் அப்பா பஸ் டிரைவரு, அவரைப் பத்தி எழுதுனானாம். அந்த மனுஷன் பெருமையா கையெழுத்துப் போட்டு, கீழ செல்போன் நம்பரையும் எழுதிக் குடுத்திருக்காரு. அவருக்கு வாச்ச பிள்ளை அப்படி. எனக்கு வாச்சது இப்படி.

எங்க வீட்டுக்காரவுக பக்கவாதம் வந்து எட்டு வருஷம் படுக்கையில கிடந்தாவ. போயி அஞ்சு வருஷம் ஆகு. அதைப் பத்தித்தான் எழுதப்போறேன்னு முதல்ல சொன்னா. எழுதட்டும், நல்ல காரியம்தானே, அதுல நானும் வருவேன்லா, எட்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுன்னு. ஆமா, அள்ளினது மூத்தவதான். நான் வேலைக்குப் போகணும்லா. ஆனா நானும் அதே வீட்டுலதானே இருந்தேன்.

தேதிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும்னு டிரங்குப் பெட்டியைப் போட்டுக் குடைஞ்சா. அந்தச் சீட்டெல்லாம் அவுக தவறின வருஷமே அடுப்புல போட்டாச்சு. அது கிடைக்கலை. வேற ஒண்ணு கிடைச்சுப்போச்சு.

மூத்தவ பேரு உலகம்மாள். உலகுன்னுதான் கூப்பிடுவோம். பன்னெண்டாப்புல ஸ்கூல்லயே முதல் மார்க்கு. விவசாயப் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தா. கோயம்புத்தூருக்கு இன்ன தேதிக்கு கவுன்சிலிங்குக்கு வான்னு அவ பேருக்கு லெட்டர் வந்துச்சு. தபால்காரர் என் கையிலதான் குடுத்தாரு. நான் அதை எடுத்து வச்சேன். நான் செஞ்சது அவ்வளவுதான். சின்னவ என்ன எழுதியிருக்காங்கிய, "அம்மா ஒளித்து வைத்தார்"ங்கா. எடுத்து வைக்கதும் ஒளிச்சு வைக்கதும் ஒண்ணாக்கா?

உலகு தினமும் நான் சமைக்கிற ஸ்கூலுக்கே வந்து கேப்பா, அம்மா தபால் வந்துச்சான்னு. இல்லையேன்னேன். பத்து நாளு கேட்டா. பொறவு கேக்கலை. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கலை, அதைச் சின்னவ எழுதுனாளா? எழுதமாட்டா. வேண்டாம்னா நான் அதைக் கிழிச்சே போட்டிருக்கலாம்லா? கிழிக்கலையே. அவ பேரை இங்கிலீஷுல அச்சடிச்சு அனுப்பியிருந்தாவ. எங்க வீட்டுல யார் பேருக்கும் அப்படி ஒரு லெட்டர் வந்தது கிடையாது. கிழிக்க மனசு வரலை.

ஏன் போகவிடலைன்னு நீங்க கேக்கணும். கேளுங்க. புருஷன் ஒரு பக்கம் விழுந்து கிடக்காவ, எனக்கு ஆயா வேலை, சின்னவ அப்ப ரெண்டாப்பு. இவளும் கோயம்புத்தூருக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா அவுகளை யாரு பாப்பா? நான் என்ன, பெத்த பிள்ளையைக் கிணத்துலயா தள்ளிட்டேன்? இப்ப வடக்கு ரத வீதியில ஜவுளிக்கடையில நிக்கா, சேலைப் பக்கம். அவ எடுத்துப் போட்டா சேலை வித்துரும்னு முதலாளியே சொல்லுவாராம். முப்பது வயசாகு. வரன் ஒண்ணு ரெண்டு வந்துச்சு, அமையலை. அதுக்கு நான் என்ன செய்ய?

சின்னவளும் அந்தக் காரணத்தை எழுதத்தான் செஞ்சிருக்கா. "அப்பா படுக்கையில் இருந்த காலம் அது. அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை." இப்படி ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் நல்லா எழுதியிருக்கா.

போன ஞாயித்துக்கிழமைதான் எனக்கு விஷயமே தெரியும். உலகு கடைக்குப் போயிட்டா, ஞாயித்துக்கிழமைதான் அங்க கூட்டம். சின்னவ என்னை உக்கார வச்சு வாசிக்க ஆரம்பிச்சா. நல்லா வாசிக்கா, கேட்டியளா, ரேடியோவுல வாசிக்கிற மாதிரி. அவுகளைக் கட்டில்ல புரட்டிப் போடுத இடமெல்லாம் வாசிக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பொறவு கட்டுரையில தபால்காரர் சைக்கிளு வந்துச்சு. தாளைப் பிடுங்கிப் பையில திணிச்சுட்டேன். இது பூரா பொய்னு உங்க மேடத்துட்ட வந்து சொல்லுதேன்னேன். "சொல்லும்மா. நான் இட்டுக்கட்டி எழுதுனேன்னு ஆகும், மார்க் கிடையாது, அவ்வளவுதானே"ன்னா. அதைப் புஸ்தகமா வேற போடப்போறாவளாம், நல்லா எழுதுன பத்துப் பேரோடதை. எங்க தெருவுல நாலு வீட்டுப் பிள்ளைய இந்தக் காலேஜுலதான் படிக்கு. மானம் கப்பலேறிராதா? அதைக்கூட விடுங்க. "உலகுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் நினைச்சியாளா?"ன்னு கேட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

லெட்டர் வந்த அந்த நாளு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. ஆனித் தேருக்கு மறுநாளு. ரத வீதியெல்லாம் மிட்டாய்க் கடையும் வளையல் கடையும் இன்னும் பிரிக்காமக் கிடக்கு. முந்தின நாளு அவுக வடம் பிடிச்சு இழுத்துட்டு வந்து, உள்ளங்கை ரெண்டும் கன்னிப்போயி, உலகுதான் தேங்காய் எண்ணெய் தேச்சுவிட்டா. மறுநாளு அதே கையோட ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போயிட்டாவ, அப்பத்தான் தபால்காரரு...

என்ன கேட்டிய? யாரு வடம் பிடிச்சதா? எங்க வீட்டுக்காரவுகதான். வருஷா வருஷம் பிடிப்பாவ.

ஆமா. அந்த வருஷமும் பிடிச்சாவ.

நீங்க மேடத்தை விட மோசமா இருக்கியளே. சும்மா உக்காந்து தலையாட்டுதியன்னு நினைச்சேன், கேள்வியை எங்கன வச்சு கேக்கிய பாருங்க.

அவுக படுத்தது ஐப்பசியில. தீபாவளி கழிஞ்சு மூணாம் நாளு, பல்லு விளக்கிக்கிட்டே சாஞ்சாவ. லெட்டர் வந்தப்ப அவுக நல்லாத்தான் இருந்தாவ. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஆயிப்போச்சு. யாரு கேட்டாலும், அப்பா படுத்துட்டாவ, அதான் உலகு படிக்கலைன்னு சொல்லுவேன். பதிமூணு வருஷமாச் சொல்லுதேன். ஐப்பசி பைய நகந்து நகந்து ஆனிக்கு வந்துட்டு. சின்னவளுக்கு அப்ப ஏழு வயசு, அவளுக்கு என்ன தெரியும், நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கா.

அப்ப எதுக்கு வச்சேன்னா... அவ போயிட்டா நான் வீட்டுல யார்ட்டக்கா பேசுவேன்? அவுக வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசி நான் பாத்தது கிடையாது. கல்யாணமாகி வந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணைன்னா உலகுதான், அவளுக்கு மூணு வயசுலருந்து. ஒரு நாளு அவ அத்தை வீட்டுக்குப் போனாலே எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நாலு வருஷம் கோயம்புத்தூரு. பொறவு வேலை, பொறவு கல்யாணம். போனவ திரும்பி வருவாளா? அந்தப் பயம்தான். வேற ஒரு காரணமும் கிடையாது.

இதை இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னது இல்லை. நீங்க முன்னப்பின்ன தெரியாதவுக, டி.சி. வாங்கிட்டுப் போயிருவிய.

சரி, நான் ஏன் எந்திரிக்கலைன்னு சொல்லுதேன். இன்னைக்குப் பேட்டையில பஸ்ஸு ஏறினேன், ஜன்னல் ஓரமா இடம் கிடைச்சுது. எந்த எந்த வரி பொய்னு மேடத்துட்ட அடிக்கோடு போட்டுக் காட்டணும்லா, அதுக்காகத் தாளை வெளிய எடுத்தேன். பிடுங்கின நாள்லருந்து பையிலயே கிடந்துச்சு. கடைசித் தாளைப் பாத்தா, அதுல ஏற்கனவே ஒரு கையெழுத்துக் கிடக்கு. "வாசித்தேன். உண்மை. ப. உலகம்மாள்." தேதி ஜனவரி ஒன்பது. இப்ப மார்ச்சு பாதி ஆயிட்டு.

வாசிக்காமப் போட்டிருப்பான்னுதான் முதல்ல நினைச்சேன். கடையில நிக்கும்போது தங்கச்சி போயி நீட்டியிருப்பா, இவளும் போட்டிருப்பா. மனசைத் தேத்திக்கிட்டு முன்னால உள்ள தாளைத் திருப்புனேன். ஓரத்துல பென்சிலால எழுதியிருக்கா. இருங்க, காட்டுதேன். கண்ணாடி கொண்டு வரலையா, சரி நானே வாசிக்கேன். "டிரங்குப் பெட்டியில் அம்மா ஒளித்து வைத்தார்"னு சின்னவ எழுதியிருக்கால்லா, அதுக்கு நேரே. "பெட்டி பிறகு. முதலில் முருகர் படத்துக்குப் பின்னால் இருந்தது. தூசி தட்டும்போது பார்த்தேன். வாசித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன். கவுன்சிலிங்குக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது."

ஆறு நாளு இருந்திருக்குக்கா.

முருகர் படத்துக்குப் பின்னால இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன். ஆடி வெள்ளிக்குப் படம் துடைக்கும்போதுதான் பெட்டிக்கு மாத்துனேன். அதுக்கு முந்தியே அவ எடுத்து, வாசிச்சு, மடிச்சு வச்சிருக்கா. தபால் வந்துச்சான்னு பத்து நாளு கேட்டான்னு சொன்னேன்லா. அதுல பாதி நாளு தெரிஞ்சே கேட்டிருக்கா. இன்னைக்காவது எடுத்துக் குடுப்பாளான்னு கேட்டிருக்கா. நான் இல்லையேம்மான்னு சொல்ல, என் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கா. நான் பருப்பைக் கிண்டிக்கிட்டே சொல்லியிருக்கேன், நிமிந்துகூடப் பாக்காம.

அந்த நல்ல வரி இருக்கே, அப்பா படுக்கையில் இருந்த காலம்னு, அதுக்கு நேரே அவ ஒண்ணுமே எழுதலை. அவளுக்குத் தெரியாதா, அவுக அப்ப நடமாடிக்கிட்டு இருந்தது? இடத்தைத் திருத்துனவ காரணத்தைத் திருத்தலை. எனக்காக விட்டு வச்சிருக்கா.

பின்பக்கம் தங்கச்சிக்கு வேற ஒண்ணு எழுதியிருக்கா. "சுபா, அம்மாவிடம் கையெழுத்து வாங்காதே. என்னுடையது மட்டும் போதுமா என்று மேடத்திடம் கேள். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அம்மா என் முகத்தைப் பார்க்கமாட்டாள்." மேடம் போதாதுன்னிருப்பாவ. அதான் சின்னவ கடைசி நேரத்துல என்ட்ட வந்திருக்கா.

ஜனவரியில கையெழுத்துப் போட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரியும் அவ என்கூடத்தானே உக்காந்து சாப்பிட்டிருப்பா. என் முட்டுவலிக்குத் தைலம் தேச்சுவிட்டிருப்பா. ஒரு முகச்சுளிப்பு, ஒரு குத்தல் பேச்சு, பதிமூணு வருஷத்துல ஒண்ணு கிடையாது. கோவப்பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்தத்தான் எனக்குத் தெரியுமே. இதுக்கு நான் என்ன செய்யதுன்னு எனக்கு வெளங்கலை. பஸ்ஸுல கண்டக்டரு, எம்மா உங்க ஸ்டாப்பு வந்துட்டுன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

இப்பச் சொல்லுங்க. பொய்னு சொன்னா, சின்னவ படிப்பும் என் கையாலேயே போகும். உண்மைன்னு போட்டா, உலகு கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து நிக்கும். அவ அதைப் பாப்பா. பொறவு அவ தெரியாத மாதிரி இருக்க முடியாது, நானும் இருக்க முடியாது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்ததே அதுதானே. அது போயிட்டா, அவ எதுக்கு என்கூட இருக்கணும்?

இன்னொண்ணும் இருக்கு. சொல்லிட்டேன்னா பாரம் குறையும். போன வருஷம் ஓசூர்ல இருந்து ஒரு மாப்பிள்ளை. கம்பெனி வேலை. உலகுக்குப் பிடிச்சிருந்துச்சு, வாய்விட்டுச் சொல்லலை, ஆனா போட்டோவை ரெண்டு தடவை எடுத்துப் பாத்தா. மாப்பிள்ளை வீட்டுல போன் பண்ணினப்ப, பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு நான் சொல்லிட்டேன். உலகுட்ட, அவுகளே வேண்டாம்னுட்டாவன்னு சொன்னேன். இது சின்னவளுக்குத் தெரியாது, அதனால எழுதலை. யாருக்குமே தெரியாதுன்னு காலைல பஸ் ஏறுத வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நான் சொன்னதும், சரிம்மான்னுட்டுத் தட்டை எடுத்துட்டுப் போனா. போகும்போது என் முகத்தைப் பாத்தாளா, பாக்கலையா? காலைலருந்து இந்தப் பெஞ்சுல உக்காந்து அதைத்தான் யோசிக்கேன். ஞாபகம் வரமாட்டேங்கு.

மணி அடிச்சாச்சு. அந்தா வாராவ பாருங்க, ஊதாச் சேலை, அவுகதான் மேடம். பின்னாலயே சின்னவளும் வாரா. என்னைப் பாத்துட்டா, முகம் வெளுத்துப்போச்சு பிள்ளைக்கு. பயப்படாதளா, அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன், அங்கனயே நில்லு.

உங்கள்ட்டப் பேனா இருக்கா? பென்சிலு வேண்டாம், பேனாவே குடுங்க. நீங்க முதல்ல உள்ள போங்கக்கா, உங்களுக்கு ஒரு கையெழுத்துதான். நான் ஆனியிலருந்து ஓசூரு வரைக்கும் திருத்தணும், ஓரத்துல இடம் காணுமான்னு தெரியலை.